டவர் போயிட்டு

நாலு மணிக்கு லிஃப்ட் கதவு திறந்ததும் சனம் இறங்குகிறது, ஒரு கையில் சாத்துக்குடிப் பை, மறு கையில் போன். சாத்துக்குடியால் எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை. போன்தான். ஆளுக்கு ஒன்று, சிலருக்குச் சட்டைப்பையில் இன்னொன்று, காதில் மாட்டியது தனி. இவை எல்லாம் சேர்ந்து காற்றில் போடுகிற கூச்சல் யார் காதுக்கும் கேட்காது, எனக்கு மட்டும் கேட்க வேண்டும், அதற்குத்தான் இந்த ஆஸ்பத்திரியில் எனக்குச் சம்பளம். மூன்றாம் மாடி, இதய வார்டு. இங்கே படுத்திருக்கிற எல்லாரும் கழுத்தில் ஒரு சின்னப் பெட்டியைத் தொங்கப் போட்டிருக்கிறார்கள். நெஞ்சில் ஒட்டிய பொட்டுகளிலிருந்து வயர் வந்து பெட்டியில் முடியும், அதற்கு மேல் வயர் கிடையாது, காற்றுதான். நெஞ்சு அடிப்பதைப் பெட்டி காற்றில் எறியும், கூரையில் இருக்கிற ஆன்டெனா பிடிக்கும், நர்ஸ் மேசையில் இருக்கிற இந்தப் பெரிய திரையில் ஆளுக்கொரு கட்டமாகப் பச்சைக் கோடு ஓடும். அதே காற்றில்தான் வைஃபையும் ஓடுகிறது, ப்ளூடூத்தும் ஓடுகிறது, கேன்டீனில் சமோசா சூடாக்குகிற மைக்ரோவேவ் அடுப்பும் தன் பங்குக்கு எதையோ கொட்டுகிறது. நெரிசல் கூடினால் கோடு விட்டுவிட்டு வரும், அப்புறம் வராது. கட்டம் வெறிச்சென்று ஆகி நடுவில் ஒரு மஞ்சள் பட்டை நிற்கும். சிக்னல் இல்லை என்று இங்கிலீஷில் அதில் எழுதியிருக்கும். எங்கள் நர்சுகள் அதை அப்படிச் சொல்ல மாட்டார்கள். ஒம்பதாம் பெட்டுக்கு டவர் போயிட்டு சார் என்பார்கள், பஸ்ஸில் போகும்போது பேச்சு அறுந்தால் சொல்கிற மாதிரி, மருந்துச் சீட்டில் இருந்து தலையைத் தூக்காமலே. போனால் வந்துவிடும் என்பதுதான் அந்தச் சொல்லுக்குள் இருக்கிற அர்த்தம். நானும் இத்தனை வருஷமாக அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இன்றைக்குப் பதினாலாம் கட்டிலில் படுத்திருப்பது என் அப்பா.

இந்தத் திரையைப் பார்த்துக்கொண்டு நான் நிற்பது வேலைக்காக அல்ல. இன்று எனக்கு லீவு, லீவு போட்டுவிட்டு அதே இடத்தில் வந்து நிற்கிறேன். அப்பா முகத்தைப் பார்ப்பதைவிட இந்தக் கட்டத்தைப் பார்ப்பது எனக்குச் சுலபமாக இருக்கிறது, சொன்னால் வெட்கம், ஆனால் உண்மை. அந்த முகம் இந்த ஒரு வாரத்தில் பாதியாகிவிட்டது, கன்னம் ஒட்டி, பல்செட் கழற்றி வைத்து, யாரோ ஒருவரின் அப்பா மாதிரி. கோடு மட்டும் அப்படியே இருக்கிறது. ஏறுகிறது, இறங்குகிறது, ஏறுகிறது. அவர் நெஞ்சுக்கு வந்திருக்கிற வியாதி ஒரு மாதிரியான வியாதி. அடித்துக்கொண்டே வந்து திடீரென்று நின்றுவிடுகிறது, கொஞ்சம் சும்மா இருந்துவிட்டுத் தானாகத் திரும்ப ஆரம்பிக்கிறது. முதல் தடவை பாத்ரூமில் நின்றது, விழுந்து நெற்றியில் தையல். இரண்டாவது தடவை கீழே ஐ.சி.யுவில் நின்றது, அப்போது தானாகத் திரும்பவில்லை, ஓடிவந்து நெஞ்சை அமுக்கித் திருப்பினார்கள். பெரிய டாக்டர் என் தோளில் கை போட்டுச் சொன்னார், நிக்கிறது பெரிசில்லை மாசானமுத்து, நின்ன உடனே நாம கை வெச்சிட்டா திரும்பிரும், திங்கட்கிழமை பேஸ்மேக்கர் வெச்சிரலாம், அதுவரைக்கும் கண்ணெடுக்காமப் பாத்தா போதும். நல்ல மனுஷர். அன்று சாயந்தரமே நான்குவழிச் சாலையில் ஒரு வேன் கவிழ்ந்தது, ஐ.சி.யு நிறைந்தது, அப்பாவை மேலே அனுப்பிவிட்டார்கள். அதான் பெட்டி இருக்குல்லா என்றார்கள். இருக்கிறது. கண்ணெடுக்காமல் பார்க்கப் போவது பெட்டி, பார்த்ததை அது சொல்லப் போவது காற்றிடம், அந்தக் காற்றின் யோக்கியதை இந்த ஆஸ்பத்திரியில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். சொந்த ஹோட்டலில் சாப்பிடாத மாஸ்டரைப் பார்த்திருக்கிறீர்களா, அவன் நிலைமைதான் எனக்கு. வயர் மானிட்டர் ஒன்று கொடுங்கள் என்று கேட்டேன். எல்லாம் கீழே வேன்காரர்களுக்கு மாட்டியிருக்கிறது. அவர்களிடம் போய் எப்படிப் பிடுங்குவது. பார்வையாளர் வைஃபையை இந்த மாடியில் மட்டுமாவது அணைத்துவிடலாம் என்று நிர்வாகியிடம் கேட்டேன், போன வருஷமும் கேட்டேன், அதற்கு முந்தின வருஷமும் கேட்டேன். நோயாளிக்கு ஒரு பாதை, வேடிக்கை பார்க்க வருகிறவனுக்கு ஒரு பாதை என்று பிரித்துப் போடுங்கள், நானே போட்டுத் தருகிறேன் என்றேன். வாசல்ல போர்டு வெச்சிருக்கோம் சார், இலவச வைஃபைன்னு, அணைச்சா ஜனங்க சண்டைக்கு வாரானுவ என்றார். போர்டு இருக்கிறது, நானும் தினம் அதைக் கடந்துதான் வருகிறேன். அதில் ஒரு குழந்தை சிரித்துக்கொண்டு போனைப் பார்க்கிறது.

கோடு ஓடுகிறது. விடாமல் ஓடுகிறது. அப்பா அந்தப் பெட்டியை மைக் என்கிறார். பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்தவர், கண்ணாடிக் கூண்டுக்குள் மைக்கோடு உட்கார்ந்து எந்த வண்டி எங்கே நிற்கிறது என்று ஊருக்கே சொன்ன தொண்டை. நேற்று பெனிட்டா ரத்த அழுத்தம் பார்க்க வந்தபோது பெட்டியைத் தூக்கி வாய்க்கு நேரே பிடித்து, ஆலங்குளம், பாவூர்சத்திரம் வழியாகத் தென்காசி செல்லும் பேருந்து புறப்படத் தயாராக உள்ளது என்றார். அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கட்டில்காரரும் சிரித்தார். பெனிட்டா இந்த வார்டின் சாயங்கால நர்ஸ், நாசரேத்துப் பிள்ளை, யாருக்கும் முகம் சுளிக்க மாட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெட்டியை அப்படித் தூக்கும்போது வயர் இழுபடும், பொட்டு கழன்றுகொள்ளும். அப்பா, கீழ வைங்க என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன். சிரித்திருக்கலாம். மனுஷன் சாவு பயத்தை அப்படித்தான் தள்ளி வைத்துக்கொண்டிருந்தார், எனக்கு வயர்தான் பெரிதாகத் தெரிந்தது. இதோ கோடு ஒருமுறை நடுங்கியது. இது ஏழாம் கட்டிலுக்கு வந்தவர்கள், நாலு பேர், நாலு போன், அதில் ஒருத்தன் ஜன்னலோரம் போய் ஹாட்ஸ்பாட் போட்டுவிட்டிருப்பான், வார்டுக்குள் சுவர் கனம், போனுக்குச் சரியாக எடுக்காது, ஒருத்தன் ஜன்னலில் நின்று மற்ற மூன்று பேருக்கும் பங்கு வைப்பான். தண்ணீர் லாரி மாதிரி. கையில் சிக்னல் அளக்கிற கருவியைப் பிடித்துக்கொண்டு போனால் எந்த ஜன்னல், எந்தச் சட்டைப்பை என்றே காட்டிக்கொடுக்கும். பிடித்து அணைக்கச் சொன்னால் அணைப்பான், நான் திரும்பினதும் போடுவான். அவன் மாமனாரைப் பார்க்க அவன் வந்திருக்கிறான், சவுதியில் இருக்கிற மச்சினனுக்கு அவரைக் காட்ட வேண்டும், நான் யார் தடுக்க. கோடு சரியாகிவிட்டது. ஏறுகிறது, இறங்குகிறது.

மத்தியானத்திலிருந்து எத்தனை தடவை ஓடினேன் என்று கேட்காதீர்கள். மஞ்சள் பட்டை வரும், காற்றா நெஞ்சா, காற்றா நெஞ்சா, அந்தக் கேள்வியைத் திரையிடம் கேட்டுப் பிரயோசனம் இல்லை. கோடு போய்விட்டது என்று மட்டும்தான் அதற்குத் தெரியும், கோட்டுக்குப் பின்னால் நெஞ்சு என்ன செய்கிறது என்று அதற்குத் தெரியாது. நெஞ்சு நின்றால் சிவப்பு வரும், ஊரைக் கூட்டும். ஆனால் காற்று போயிருக்கிற நேரத்தில் நெஞ்சும் நின்றால் மஞ்சள் மட்டும்தான் வரும், மெல்லிசாக ஒரு டிங், சமையலறையில் யாரோ டம்ளரை வைத்த மாதிரி. அதனால் ஓடினேன். பதினாலாம் கட்டில் வார்டின் கடைசி, தூணுக்குப் பின்னால், இங்கிருந்து பார்த்தால் கால்கூடத் தெரியாது. முதல் தடவை ஓடிப் போய் நின்றபோது அப்பா இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அடுத்த தடவை தூங்கிக்கொண்டிருந்தார், மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்தேன், கண்ணைத் திறந்து, என்னல, செத்துட்டேனான்னு பாக்க வாரியா என்றார். அம்மாவுக்கு வந்ததே கோபம். பகவதி என்று பெயர் வைத்ததற்குப் பொருத்தமாக ஒரு பார்வை. எதுக்குய்யா கெடந்து ஓடுத, பக்கத்துல உள்ளவுக எல்லாம் என்னமோ ஏதோன்னு பயப்படுதாவ, நான் இங்கனதான இருக்கேன், எனக்குக் கண்ணு இல்லியா என்றாள். அதற்கடுத்த தடவை அப்பா சிரிக்கக்கூட இல்லை. போல, போயி உன் சோலியப் பாரு என்று திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் வரும்போதெல்லாம் அவருக்குச் சாவு ஞாபகம் வருகிறது. அது எனக்குப் புரிந்தபோது காலில் இருந்த வேகம் எல்லாம் போய்விட்டது. திரும்பி வரும்போது பெனிட்டா, டவர்தான சார் என்றாள், ஆறுதலாகத்தான் சொன்னாள். ஆமா டவர்தான் என்றேன்.

பார்வையாளர் நேரம் தொடங்கியதும் அம்மா தன் போனைக் கொண்டுவந்து நீட்டினாள், வைஃபை போட்டுக் கொடுய்யா, கோமதி அப்பாவைப் பாக்கணுங்கா. கோமதி என் தங்கச்சி, மஸ்கட்டில் இருக்கிறாள், ஒரு டெய்லரிங் கடைக்குக் கணக்குப் பார்க்கிற புருஷன், இரண்டு பிள்ளைகள், பிள்ளைகளுக்குப் பரீட்சை, அவளுக்கு லீவு கிடைக்காது. அப்பா விழுந்ததிலிருந்து அவரைப் பார்க்கவில்லை. ராத்திரி எனக்குப் போன் போட்டு அழுவாள். இப்போது வேண்டாம் அம்மா என்றேன். இந்த நேரத்தில் காற்று மோசம், அதிலும் பெட்டிக்குப் பக்கத்தில் போனை வைத்தால் கேட்கவே வேண்டாம் என்றேன். காத்தாவது மோசமாவது, ஏசி போட்ட ரூமு என்றாள் அம்மா. அப்பா கண்ணைத் திறந்தார். குரலே இல்லாமல், போட்டுக் குடுல, பிள்ளையப் பாக்கணும்லா என்றார். கேலி இல்லாமல் அவர் என்னிடம் ஒன்று கேட்டு எவ்வளவு காலம் ஆயிற்று. இந்த ஆஸ்பத்திரியில் வருகிறவன் போகிறவனை எல்லாம் திட்டிக்கொண்டு திரிகிற நான், சுவரில் போனுக்குக் குறுக்கே கோடு போட்ட படத்தை நானே என் கையால் ஒட்டியவன், குனிந்து உட்கார்ந்து பாஸ்வேர்டை அடித்துக் கொடுத்தேன். ஒரு முழம் தள்ளிப் பிடிங்க அம்மா, பெட்டிகிட்ட கொண்டுபோகாதீங்க, கொஞ்ச நேரந்தான் என்றேன். சரிய்யா என்றாள். அவள் தள்ளிப் பிடிக்க மாட்டாள் என்று தெரியும். தலைமாட்டில் உட்கார்ந்து, கையை நீட்டி, அப்பா நெஞ்சுக்கு மேலே போனைப் பிடித்து, அவர் தோளுக்குப் பின்னாலிருந்து தானும் எட்டிப் பார்ப்பாள். அம்மா கையில் போன் இருந்தால் அவள் கண் போனுக்குள்தான் இருக்கும், பக்கத்தில் இடி விழுந்தாலும் தெரியாது. கோமதி முகம் வந்தது. அப்பா, என்று ஒரு சத்தம். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை, இங்கே வந்துவிட்டேன்.

டிங். பதினாலு. மஞ்சள். இது அந்தப் போன்தான், எனக்குத் தெரியும், இதைச் சொல்ல ஒரு கருவியும் வேண்டாம், பெட்டிக்கு அரை முழத்தில் வீடியோ ஓடினால் வேறென்ன ஆகும். பெனிட்டா சீட்டிலிருந்து தலையைத் தூக்காமல், அப்பாவுக்கு டவர் போயிட்டு சார் என்றாள். என் கால் தானாக ஒரு எட்டு வைத்தது. அப்புறம் நின்றேன். போய் என்ன செய்யப் போகிறேன். அவர் மகளோடு பேசிக்கொண்டிருக்கிறார். நான் மூச்சிரைக்கப் போய் நின்றால் அவர் முகம் சுருங்கும், அம்மா திட்டுவாள், கோமதி அங்கே என்ன என்ன என்று பதறுவாள். ஒரு வாரத்துக்குப் பிறகு அவருக்குக் கிடைத்திருக்கிற நல்ல நேரம் இது. டிங். தெரியுதும்மா, அவிய வீடியோ பேசுதாவ என்று பெனிட்டாவிடம் சொல்லிவிட்டு நானே கையை நீட்டி சத்தத்தை அமர்த்தினேன். கட்டம் வெறிச்சென்று இருக்கிறது. பேசட்டும். பிள்ளைகளையும் காட்டுவாள், சின்னவனுக்குப் பல் விழுந்திருக்கிறதாம், தாத்தாவிடம் காட்ட வேண்டுமாம். பல்செட்டை மாட்டிவிட்டிருக்கலாம், அப்பாவும் சிரித்தால் பொக்கை, அவனும் பொக்கை. மற்ற கட்டங்கள் எல்லாம் ஓடுகின்றன, ஏழு ஓடுகிறது, ஒன்பது ஓடுகிறது, ஒன்பதுக்கு எப்போதும் கொஞ்சம் வேகம். பதினாலு வரவில்லை. திங்கட்கிழமை பேஸ்மேக்கர் வைத்துவிட்டால் இந்தக் காற்றுக்கும் நமக்கும் ஒரு சங்கதியும் கிடையாது. வந்துவிடும். வழக்கமாக இவ்வளவு நேரம் போகாது. போகும், வீடியோ என்றால் போகும். ஒரு எட்டு போய்த் தூணுக்கு இந்தப் பக்கம் நின்று, அவர்களுக்குத் தெரியாமல் பார்த்துவிட்டு வந்துவிடலாமா. பெட்டி இருக்கும்போது எதற்கு. பெட்டிதான் பேசவில்லையே. மறுபடியும் அதே இடத்தில் வந்து நிற்கிறேன், காற்றா நெஞ்சா. காற்றுதான். இது காற்று என்று சொல்லத்தானே எனக்குப் படிப்பு, எனக்குச் சம்பளம், இதுகூடத் தெரியாதா எனக்கு.

என் போன் அடித்தது. மஸ்கட் நம்பர், கோமதி வீட்டுக்காரர் நம்பர். எடுத்தால் கோமதி. அண்ணே, அவுக போன்ல இருந்து பேசுதேன், என் போன்ல இன்னும் அம்மாதான் இருக்கா என்றாள். என்னம்மா என்றேன். ஒண்ணுமில்லண்ணே, அங்க நெட்டு சரியில்ல போலுக்கு, அப்பா படம் ஸ்டக் ஆயி நின்னுட்டு, அம்மா பேசுதது மட்டும் கேக்கு என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது, நிஜமாகவே வந்தது. இங்கயும் அதே கததான் கோமதி, டவர் போயிட்டு, கொஞ்சம் பொறு வந்துரும் என்றேன். நல்லாச் சிரிச்சிட்டு இருந்தாவ, சின்னவன் பல்லைக் காமிச்சான், அப்பிடியே சிரிச்சமேனிக்கு நின்னுட்டாவ, வாய் கூட மூடல, கட் பண்ணிட்டுத் திருப்பிப் போடட்டா என்றாள். போடு என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள், ஆனா இது எப்பிடிண்ணே என்றாள். எது என்றேன். அப்பாவுக்குப் பின்னால ஒரு பொம்பள தூக்குச்சட்டியோட நடந்து போறா. இப்பப் போனா. அவ நடக்காளேண்ணே. அப்பா மட்டும் எப்பிடி ஸ்டக் ஆவும்.

என் வாயிலிருந்து பெனிட்டா என்று ஒரு சத்தம் வந்தது, அது என் குரல் மாதிரியே இல்லை. அவள் தலையைத் தூக்கி என் முகத்தைப் பார்த்தாள், சீட்டைப் போட்டுவிட்டு ஓடினாள், எங்கே என்று நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நானும் ஓட வேண்டும். ஓடவில்லை. போன் காதில் இருந்தது, கண் திரையில் இருந்தது. கோமதி, அம்மாவைக் கட் பண்ணு என்றேன். ஏன் அதைச் சொன்னேன், பழக்கம், கோடு வரவில்லை என்றால் போனை அணைக்கச் சொல்லுகிற பழக்கம், உயிர் போகிற நேரத்திலும் எனக்கு அந்த ஒரு வேலைதான் தெரியும். கட் பண்ணிட்டேன் என்றாள். காற்று லேசாவது எனக்குத் தெரிந்தது. மஞ்சள் பட்டை போயிற்று. பதினாலாம் கட்டத்தில் கோடு வந்தது, இடது ஓரத்தில் ஆரம்பித்து, விடாமல், நடுக்கமில்லாமல், ஒரு சின்ன இரைச்சல்கூட இல்லாமல், இழுத்துக் கட்டின கயிறு மாதிரி நேராக வலது ஓரம் வரைக்கும் போயிற்று. அப்புறம் சிவப்பு வந்தது, வார்டு முழுக்கக் கேட்கிற சத்தம் வந்தது, தூணுக்குப் பின்னால் அம்மா, என்னங்க, என்னங்க என்று கூப்பிடுவது அதற்கு மேலே கேட்டது. கோமதிக்கும் என் போன் வழியாகக் கேட்டிருக்கும். பிறகு மெதுவாக, அண்ணே, இப்ப டவர் வந்துட்டா என்றாள்.

வந்துட்டு என்றேன்.